பத்திக்கும் ஒரு வரிசை உண்டு

கட்டுரைத் தாள் திருத்தப்பட்டுத் திரும்பி வரும்போது, அதன் ஓரத்தில் சில வேளைகளில் "தெளிவாக இல்லை" என்ற இரண்டு சொற்கள் இருக்கும். ஆசிரியர் அவற்றை ஒரு பத்திக்கு அருகில்தான் எழுதியிருப்பார். ஆனால், மாணவர்கள் பலர் அவற்றைத் தங்கள் தமிழுக்கே கிடைத்த தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். "எனக்குத் தமிழ் வராது" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பதினான்கு வயதில் எடுத்த அந்த முடிவைச் சிலர் பெரியவர்கள் ஆன பிறகும் சுமக்கிறார்கள்.

நான் சில ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்தேன். இப்போது பாடத்திட்டப் பிரிவில் பணிபுரிகிறேன். இரண்டு பணிகளிலும் மாணவர்களின் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். தெளிவாக இல்லை என்று குறிக்கப்பட்ட பத்திகளை மீண்டும் படித்துப் பார்த்தால், பலவற்றில் எழுத்துப்பிழை குறைவாகவே இருக்கும். வாக்கியங்களும் சரியாக இருக்கும். குறை, வாக்கியங்கள் நிற்கும் வரிசையில் இருக்கும். மொழித்திறனை வளர்க்கப் பல ஆண்டுகள் தேவைப்படலாம். கருத்துகளை வரிசைப்படுத்தும் பழக்கத்தைச் சில வாரங்களில் பெற்றுவிடலாம். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்பவர், எளிதில் திருத்தக்கூடிய ஒரு குறைக்காகத் தம் மொழியையே ஒதுக்கிவிடுகிறார்.

இதை ஒரு மாணவியின் பத்தியைக் கொண்டு விளக்குகிறேன். ஒருமுறை, உயர்நிலை மூன்றாம் வகுப்பு ஒன்றில் கட்டுரைப் பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்கச் சென்றிருந்தேன். "சிங்கப்பூரில் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது ஏன் அவசியம்?" என்பது அன்றைய தலைப்பு. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி, எழுதிய தாளை இரண்டாக மடித்துப் புத்தகத்துக்கு அடியில் வைத்திருந்தாள். படித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம் டீச்சர். எனக்குத் தமிழ் வராது" என்றாள். பிறகு தயங்கியபடியே தாளைக் கொடுத்தாள். அதில் இப்படி எழுதியிருந்தாள்:

"தண்ணீர் மிகவும் முக்கியமானது. என் பாட்டி அரிசி கழுவிய தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுவார். 2003ஆம் ஆண்டில் புதுநீர் அறிமுகமானது. நாம் அதிக நேரம் குளிக்கக்கூடாது. என் பாட்டி சிறு வயதில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தார். மரினா அணைக்கட்டு 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சிங்கப்பூர் ஒரு சிறிய நாடு. ஆகவே, தண்ணீர் மிகவும் முக்கியமானது."

எட்டு வாக்கியங்கள். ஒன்றிலும் பிழை இல்லை. இரண்டு ஆண்டுகளையும் சரியாகக் குறிப்பிட்டிருந்தாள். ஆனால், "இந்தப் பத்தி என்ன சொல்கிறது?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கடினம். பாட்டி வருகிறார், உடனே மறைந்துவிடுகிறார். புதுநீர் வருகிறது; அடுத்த வரியில் குளியலறைக்குப் போய்விடுகிறோம். பாட்டி மீண்டும் வருகிறார். ஆனால் எந்த வரிசையில் நின்றார், ஏன் நின்றார் என்று தெரிவதற்குள் அணைக்கட்டு வந்துவிடுகிறது.

"பாட்டி எதற்காக வரிசையில் நின்றார்?" என்று அவளிடம் கேட்டேன்.

அவள் பேசத் தொடங்கினாள். 1963ஆம் ஆண்டில் மழை குறைந்து, சிங்கப்பூரில் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்தார்களாம். அப்போது பாட்டிக்கு 13 வயது. அவர் வாழ்ந்த கம்பத்தில் வீட்டுக்கு வீடு குழாய் கிடையாது. பொதுக்குழாயடிக்கு இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு போவார். முன்னால் நிற்பவர்களை எண்ணிக்கொண்டே, தன் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடுமோ என்று பயப்படுவார். இன்று அவர் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறார். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். ஆனாலும் அரிசி கழுவிய தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடித்துவைத்து, தாழ்வாரத்துச் செடிகளுக்கு ஊற்றுவார். வீட்டில் யாராவது பல் துலக்கும்போது குழாயைத் திறந்து வைத்தால், பாட்டியின் குரல் சமையலறையிலிருந்தே வந்துவிடும்.

அவள் ஐந்து நிமிடம் பேசியிருப்பாள். எல்லாம் தமிழில்தான். "எனக்குத் தமிழ் வராது" என்று சொன்ன அதே வாய், ஓர் அனுபவத்தை எந்தக் குழப்பமும் இல்லாமல் சொல்லி முடித்தது. முதலில் எப்போது என்று சொன்னாள். பிறகு என்ன நடந்தது என்று சொன்னாள். கடைசியில் அதனால் என்ன ஆனது என்று சொன்னாள்.

பேசும்போது இருந்த வரிசை எழுதும்போது எங்கே போனது? பேசும்போது நமக்கு எதிரில் ஒருவர் இருக்கிறார். அவர் "அப்புறம்?" என்கிறார், "ஏன்?" என்கிறார். ஒன்றும் கேட்காவிட்டாலும், அவருடைய முகமே கேட்கிறது. நாம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போகிறோம். எழுதும்போது எதிரில் தாள் மட்டுமே இருக்கிறது. தாள் எதையும் கேட்பதில்லை. அதனால், மனத்தில் தோன்றியதைத் தோன்றியபடியே இறக்கி வைத்துவிடுகிறோம். பத்தியைத் திட்டமிடுவது பெரிய கலை என்று நினைக்க வேண்டாம். படிப்பவர் கேட்கக்கூடிய கேள்விகளை நாமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்வதுதான் அது.

அன்று நாங்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டோம்.

முதல் கேள்வி: "இந்தப் பத்தியைப் படித்து முடித்தவர் எதை ஒப்புக்கொள்ள வேண்டும்?" அதை ஒரே வாக்கியத்தில் சொல்லும்படி அவளிடம் கேட்டேன்.

"தண்ணீர் முக்கியம்" என்றாள்.

"அதை யாராவது மறுப்பார்களா?"

சிரித்துவிட்டு, "மாட்டார்கள்" என்றாள். எல்லாரும் முன்பே ஒப்புக்கொண்டதை நிறுவ ஒரு பத்தி தேவையில்லை. "தண்ணீரைச் சேமிக்க வேண்டும்" என்று மாற்றினாள். அது அறிவுரை, அதற்கான காரணம் அதில் இல்லை. சிறிது நேரம் யோசித்தாள். "தண்ணீர் இல்லாத நாளைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் மதிப்பு நன்றாகத் தெரியும்" என்றாள். இதுதான் அவளுடைய மையக் கருத்து. இது அவளுக்கே உரியது. இதைக் கேட்பவர் "அப்படியா? எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கான பதில்தான் பத்தியாக விரிய வேண்டும்.

இரண்டாவது கேள்வி: "எந்த வாக்கியங்கள் இந்தக் கருத்துக்கு உதவுகின்றன?" எட்டு வாக்கியங்களையும் எட்டுச் சிறு தாள்களில் எழுதி மேசையில் பரப்பினாள். பாட்டியைப் பற்றிய இரண்டு வாக்கியங்களும் உதவின. குளிப்பதைப் பற்றிய வாக்கியத்தை மாற்றி எழுதினால் உதவும் என்று தோன்றியது. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் ஒன்றையே சொல்லின. புதிய மையக் கருத்து வந்துவிட்டதால் இரண்டும் தேவைப்படவில்லை. மீதம் இருந்தவை மூன்று: புதுநீர், மரினா அணைக்கட்டு, சிறிய நாடு.

அவற்றை ஒதுக்கி வைக்கச் சொன்னபோது அவள் கை நின்றுவிட்டது. "இந்த ஆண்டுகளை நான் தேடிக் கண்டுபிடித்தேன், டீச்சர்" என்றாள்.

திட்டமிடுவதில் மிகக் கடினமான கட்டம் இதுதான். தவறான வாக்கியத்தை நீக்குவது எளிது. உண்மையான, உழைத்துத் தேடிய வாக்கியத்தை ஒதுக்குவதற்கு மனம் வராது. ஆனால், ஒரு வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. அது இருக்கும் இடத்தில் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். "தூக்கிப் போட வேண்டாம், ஓரமாக வைத்துக்கொள்" என்றேன். அந்த மூன்று தாள்களையும் அவள் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது கேள்வி: "படிப்பவர் எதை முதலில் கேட்பார், எதை அடுத்துக் கேட்பார்?" எப்போது நடந்தது? என்ன நடந்தது? அதனால் பாட்டியிடம் என்ன மாற்றம் வந்தது? அது உனக்கு எப்படிப் பயன்பட்டது? இந்த நான்கு கேள்விகளின் வரிசையில் அவள் மீண்டும் எழுதினாள்:

"தண்ணீர் இல்லாத நாளைப் பார்த்தவர்களுக்கே அதன் மதிப்பு நன்றாகத் தெரியும். 1963ஆம் ஆண்டில் மழை குறைந்ததால், சிங்கப்பூரில் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அப்போது என் பாட்டிக்கு 13 வயது. அவர் கம்பத்தில் இருந்த பொதுக்குழாயடியில் இரண்டு வாளிகளுடன் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தார். அந்த வரிசையை அவர் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான், இன்று குழாயைத் திறந்ததும் தண்ணீர் வரும் வீட்டில் வாழ்ந்தாலும், அரிசி கழுவிய தண்ணீரைக்கூடக் கொட்டாமல் செடிகளுக்கு ஊற்றுகிறார். நான் அந்த வரிசையில் நின்றதில்லை. ஆனாலும், தேவையில்லாதபோது குழாயை மூடும் பழக்கத்தைப் பாட்டியிடமிருந்து கற்றுக்கொண்டேன்."

இரண்டு பத்திகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது பத்தியில் கடினமான சொற்கள் சேர்க்கப்படவில்லை. பழமொழியோ மரபுத்தொடரோ இல்லை. அவளிடம் ஏற்கெனவே இருந்த தமிழ்தான் இதிலும் இருக்கிறது. ஆனால், முதல் பத்தியில் இரண்டு வரிகளில் மறைந்துபோன பாட்டியை இப்போது நம்மால் பார்க்க முடிகிறது. அவர் ஏன் அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டுவதில்லை என்பதும் புரிகிறது.

வாக்கியங்கள் ஒன்றோடொன்று எப்படி இணைந்துள்ளன என்பதையும் கவனியுங்கள். "அப்போது", "அந்த வரிசை", "அதனால்தான்" ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் முன்னால் சொன்ன ஒன்றைச் சுட்டுகின்றன. ஒரு வாக்கியத்தை இடம் மாற்றினால் இந்தச் சுட்டுச்சொற்கள் உடனே தடுமாறும். முதல் பத்தியிலோ வாக்கியங்களை எப்படி மாற்றி வைத்தாலும் வேறுபாடு தெரியாது. உங்கள் பத்தியைச் சோதிக்க இது ஒரு நல்ல வழி. நடுவில் உள்ள இரண்டு வாக்கியங்களை இடம் மாற்றிப் படியுங்கள். எதுவும் கெடவில்லை என்றால், அந்தப் பத்திக்கு இன்னும் வரிசை அமையவில்லை என்று பொருள்.

இணைப்புச் சொற்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. "ஆகவே" என்று எழுதிவிட்டால் மட்டும் காரணம் உருவாகிவிடாது. "சிங்கப்பூர் ஒரு சிறிய நாடு. ஆகவே, தண்ணீர் மிகவும் முக்கியமானது" என்ற வரிகளில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. சிங்கப்பூரில் மழைக்குக் குறைவில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. ஆனால், அந்த மழைநீரைச் சேமித்து வைக்கப் போதிய நிலம் இல்லை. இந்தப் படியைச் சொன்ன பிறகுதான் "ஆகவே" என்ற சொல்லுக்கு அங்கே இடம் கிடைக்கிறது.

பென்சில் பெட்டிக்குள் போன மூன்று தாள்களுக்கும் இப்போது வழி பிறந்துவிட்டது. "நிலம் குறைந்த நாடு தண்ணீருக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டால், அது தனிப் பத்திக்கான கேள்வி. சிங்கப்பூர் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஜொகூரிலிருந்து தண்ணீர் பெறுகிறது. பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து, 2003ஆம் ஆண்டில் புதுநீரை அறிமுகப்படுத்தியது. கடல்நீரையும் குடிநீராக்குகிறது. 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு, நகரின் நடுவில் பெய்யும் மழையையும் நீர்த்தேக்கத்தில் சேர்த்து வைக்க உதவுகிறது. ஆனால், கடல்நீரைக் குடிநீராக்க நிறைய மின்சாரம் வேண்டும். ஆகவே, கிடைத்த தண்ணீரை வீணாக்காமல் இருப்பதும் ஒரு நீர்வளத்துக்குச் சமம். பாட்டியின் பத்தி கால வரிசையில் நடந்தது. இந்தப் பத்தி சிக்கல், தீர்வு, விளைவு என்று காரண வரிசையில் நடக்கும். எந்த வரிசை என்பதை மையக் கருத்துதான் தீர்மானிக்கிறது.

பத்தியைத் திட்டமிடுவதை ஆங்கிலப் பாடத்திலும் நீங்கள் கற்றிருப்பீர்கள். அதனால், இது ஆங்கிலத்திலிருந்து வந்த முறை என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழுக்கு இது புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலில் இருக்கக்கூடாத பத்துக் குற்றங்களையும் இருக்க வேண்டிய பத்து அழகுகளையும் வகுத்துச் சொல்கிறது. சொன்னதையே மீண்டும் சொல்வது "கூறியது கூறல்" என்னும் குற்றம். எடுத்த பொருளை விட்டுவிட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவது "மற்றொன்று விரித்தல்". நன்றாகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து முடிவது "சென்று தேய்ந்து இறுதல்". அழகுகளில் ஒன்று, கருத்துகளை உரிய முறைப்படி அமைப்பது. நன்னூல் இவற்றை நூல்களுக்காகச் சொன்னாலும், எட்டு வரிப் பத்திக்கும் இவை பொருந்துகின்றன. மாணவியின் முதல் பத்தியில் கூறியது கூறலும் மற்றொன்று விரித்தலும் இருந்ததை நீங்களே கண்டிருப்பீர்கள்.

ஆங்கிலத்தில் கற்ற திட்டமிடும் முறையைத் தமிழுக்குத் தாராளமாகக் கொண்டுவரலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். வாக்கியம் நீண்டால், படிப்பவர் முழுப்பொருளுக்காக அதுவரை காத்திருக்க வேண்டும். ஆகவே, பத்தியின் முதல் வாக்கியத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். விரிவான விளக்கம் அடுத்த வாக்கியங்களில் வரட்டும்.

இந்தப் பழக்கம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. பலதுறை மருந்தகத்துக்குப் பாட்டியை அழைத்துச் செல்லும்போது, அவருடைய வலியைப் பற்றி மருத்துவரிடம் நீங்கள் விளக்க வேண்டியிருக்கலாம். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, என்ன செய்தால் கூடுகிறது என்று வரிசையாகச் சொன்னால்தான் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். மின்தூக்கி அடிக்கடி பழுதாகிறது என்று நகர மன்றத்துக்கு மின்னஞ்சல் எழுதினாலும் அப்படித்தான். எந்தப் புளோக், எந்த நாள்களில், யாருக்கு என்ன சிரமம், என்ன செய்ய வேண்டும் என்பது முறையாக இருந்தால், படிப்பவர் உடனே செயல்பட முடியும். இத்தகைய இடங்களில் சொல்லழகைவிடத் தெளிவுக்குத்தான் மதிப்பு அதிகம்.

"தேர்வில் இதற்கெல்லாம் நேரம் இருக்குமா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எட்டுச் சிறு தாள்களைத் தேர்வு மண்டபத்தில் பரப்ப முடியாதுதான். வகுப்பில் சில முறை அப்படிச் செய்து பழகினால், பிறகு தாள்கள் தேவைப்படாது. மையக் கருத்தை மனத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, எழுதப்போகும் வரிசையைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். அந்த மாணவி தன் முதல் பத்திக்கான திட்டத்தைக் கடைசியில் இவ்வளவு சுருக்கமாக எழுதி வைத்தாள்: "1963 – குழாயடி – பாட்டியின் பழக்கம் – நான்." இதை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. இதை எழுதிய பிறகு பத்தியைத் தொடங்குங்கள்.